கீழே கடை, மேலே குடி

பாத்திமிய கலீபாக்கள் 969-ஆம் ஆண்டில் எகிப்தில் அமைத்த கெய்ரோ, ஆதியில் கலீபாவும் அவருடைய பரிவாரமும் சேனைகளும் வசிப்பதற்கென்றே மதில் சூழ எழுப்பப்பட்ட ராஜநகரம். சாமானிய ஜனங்கள் அதற்குத் தெற்கே புஸ்தாத்தில் குடியிருந்தார்கள். ராஜநகரத்தின் இரண்டு அரண்மனைகளுக்கு நடுவே சென்ற வீதி, பாத்திமியர் ஆட்சி 1171-இல் முடிந்த பின்னர், கடைவீதியாகவும் கல்விச்சாலையாகவும் தொழுகைத் தலமாகவும் குடியிருப்பாகவும் ஏக காலத்தில் ஆகிவிட்டது. வியாபாரத்துக்கு ஒரு பகுதி, வாசத்துக்கு ஒரு பகுதி என்று கோடு கிழித்துப் பிரிப்பதே நகர நிர்மாணம் என எண்ணிப் பழகிவிட்ட நாம், அந்த வீதியை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

அந்த மாற்றத்துக்கு முன்பே, நகர மதிலின் ஸுவேலா வாயிலுக்கு வெளியே ஸாலிஹ் தலாயி என்ற மந்திரி 1160-இல் கட்டிய பள்ளிவாசல், கீழே வரிசையாகக் கடைகளை வைத்து, அவற்றின் மேல் எழுப்பப்பட்டது. கீழே வந்த வாடகை மேலே இருந்த தொழுகையைத் தாங்கிற்று. நூற்றாண்டுகள் செல்லச் செல்லத் தெரு உயர்ந்துவிட்டதால், அக்கடைகள் இன்று தெருமட்டத்துக்குக் கீழே பள்ளத்தில் கிடக்கின்றன.

இந்த முறையின் பரிபூரண வடிவத்தை மம்லூக் சுல்தான் அல்-கூரியின் கட்டடங்களில் காணலாம். 1503 முதல் வீதியின் ஒரு பக்கம் பள்ளிவாசலும் மறுபக்கம் தமக்கென ஒரு சமாதி மண்டபமும் எழுப்பிய அவர், இரண்டுக்கும் இடையே கூரை வேய்ந்து பட்டு வியாபாரிகளுக்கு நிழல் தந்தார். அருகிலேயே விகாலா என்னும் வணிகர் சத்திரம். நடுமுற்றத்தைச் சுற்றிய கீழிரண்டு தளங்களிலும் சரக்கறைகள். அவற்றின் மேல், உள்ளேயே படிக்கட்டு வைத்த மூன்றடுக்கு வீடுகள், மரச்சல்லடைச் சாளரங்களோடு. வீடுகளுக்குப் போகும் வழி முற்றத்திலிருந்து அன்று, தெருவிலிருந்து தனியே செல்கிறது. சரக்கும் குடும்பமும் ஒரே கூரையின்கீழ் வாழலாம், ஆனால் ஒரே வாசலில் இடித்துக்கொள்ளக் கூடாது என்ற இந்த விவேகம் என் மனத்தை மிகவும் கவர்ந்தது.

இவற்றையெல்லாம் பிணைத்த கயிறு வக்பு சாசனம். இன்ன கடையின் வாடகை, இன்ன வீட்டின் குடிக்கூலி, இன்ன தர்மத்துக்கு என்று அதில் எழுதிவைத்தார்கள். இமாமின் சம்பளமும் விளக்கெண்ணெயும் அதிலிருந்தே வந்தன. அப்துர் ரஹ்மான் கத்குதா என்ற பிரபு 1744-இல் அதே வீதி இரண்டாகப் பிரியும் முனையில் கட்டிய தண்ணீர்ப்பந்தலைப் பாருங்கள்: கீழே உலோகக் கம்பிவலையின் வழியே வழிப்போக்கர்களுக்குக் குடிநீர், மேலே பிள்ளைகள் குர்ஆன் ஓதும் பள்ளி. இத்தகைய பந்தல்களின் அடியில் இருந்த நிலவறைத் தொட்டிகளை, நைல் பெருகும் பருவத்தில் தண்ணீர் சுமப்போர் நிரப்பிவைப்பார்கள்.

எல்லாத் தொழிலும் கலக்க விடப்பட்டதென்று எண்ணிவிடலாகாது. பிறருக்குத் தீங்கு விளைக்கலாகாது என்பது இஸ்லாமியச் சட்டமாகிய ஷரீஅத்தின் அடிப்படை விதி. நாற்றம் வீசும் தோல் பதனிடும் சாலைகள், நகரம் தெற்கே விரிந்தபோது ஸுவேலா வாயிலருகிலிருந்து மேற்கே அகற்றப்பட்டன. துணியும் ஊசியும் அகலவில்லை. அவ்வாயிலுக்கு வெளியே, பதினேழாம் நூற்றாண்டில் ரிள்வான் பே என்ற பிரபு கட்டிய கூரைத் தெருவில், கூடாரத் துணி தைப்பவர்கள் கடைத்திண்ணையில் அமர்ந்து வண்ணத்துணித் துண்டுகளை இன்றும் கையால் ஒட்டுத்தையல் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.