பிலார்: ஒரு கருப்புப் படகும் சுறா தின்ன மீன்களும்

ஹெமிங்வேன்னு சொன்னதும் நம்ம ஆட்களுக்கு 'கடலும் கிழவனும்' தான் ஞாபகம் வரும். தமிழிலும் வந்த புத்தகம். படிக்காதவங்க கூட கதையைச் சொல்லிடுவாங்க. கிழவர் பெரிய மீனைப் பிடிப்பார், சுறா தின்னுடும், வெறும் எலும்போட கரைக்கு வருவார். ஆனா அந்தக் கதைக்கு முன்னாடி ஒரு மோட்டார் படகு இருக்கு. அந்தப் படகோட முதல் ரெண்டு வருஷம், குறிப்பா 1935 சீசன், எனக்கு நாவலை விட சுவாரசியமா படுது. இலக்கிய விமர்சனம் எதிர்பார்த்து வந்தவங்க இப்பவே அடுத்த பதிவுக்குப் போயிடலாம். இங்கே எஞ்சின், கயிறு, மீன், ரத்தம், காசு இதெல்லாம்தான் அதிகம் :-)

1934 ஏப்ரலில் ஆப்பிரிக்க வேட்டையை முடிச்சுட்டு நியூயார்க் வந்து இறங்கினார் ஹெமிங்வே. இறங்கின கையோட புரூக்ளினில் இருந்த வீலர் படகுப் பட்டறைக்குப் போய் 38 அடி நீளத்தில் ஒரு படகுக்கு ஆர்டர் கொடுத்தார். விலை 7,495 டாலர். அமெரிக்காவில் பெருமந்தம் நடந்துக்கிட்டிருந்த காலம், ரொட்டிக்கு வரிசையில் நிக்கிற ஜனம். இவருக்குப் பணம் எங்கிருந்து வந்ததுன்னு பார்த்தா, 'எஸ்குவயர்' பத்திரிகை ஆசிரியர் ஆர்னால்ட் கிங்ரிச் சுமார் 3,000 டாலர் முன்பணம் கொடுத்திருக்கார். எதுக்கு? இனிமே எழுதப்போற கட்டுரைகளுக்கு! எழுதி முடிச்சதுக்கே யாரும் காசு தராத நம்மள மாதிரி ஆட்கள் இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விட்டுட்டு மேலே படிக்கலாம்.

படகுக்குப் பேரு பிலார். ரெண்டாவது மனைவி பாலினுக்கு அவர் வச்சிருந்த செல்லப்பேரு அது; ஸ்பெயினில் சரகோசா நகரத்து மாதா கோயில் பேரும் அதுதான். உடம்பு முழுக்கக் கருப்பு பெயிண்ட். பட்டறைக்காரங்க வழக்கமா செய்யற மாடல்தான், ஆனா இவர் மீன் பிடிக்கத் தோதா சில மாத்தம் கேட்டு வாங்கினார். பின்பக்கப் பலகையை ஒரு அடி இறக்கச் சொன்னார். ராட்சச மீனைத் தண்ணியிலிருந்து உள்ளே தூக்க ஒரு அடி உயரம் குறைஞ்சாலே பெரிய விஷயம். அதே இடத்தில் ஒரு மர உருளை, மீனை இழுத்தா உருண்டு உள்ளே வர. பெட்ரோல் தொட்டிகளும் கூடுதலா.

எஞ்சின் சமாச்சாரம் தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ரெண்டு எஞ்சின். ஒண்ணு 75 குதிரைசக்தி கிரைஸ்லர், ஊர் விட்டு ஊர் போக. இன்னொண்ணு 40 குதிரைசக்தி லைகமிங், அது மெதுவா ஓட. இந்த மாதிரி மீன்பிடிப்பில் படகு நிக்காது. இரையைக் கோத்த தூண்டிலைப் பின்னாடி விட்டுட்டு, நாள் முழுக்க மெல்ல ஓடிக்கிட்டே இருக்கணும். அதுக்குப் பெரிய எஞ்சினை ஓட்டினா பெட்ரோலும் வீண், அதிர்வும் அதிகம். நடுக்கடலில் ஒண்ணு மக்கர் பண்ணினா இன்னொண்ணு கரை சேர்க்கும். ஆள் எழுத்தில் மட்டுமில்ல, படகிலும் கணக்கா இருந்திருக்கார்.

அப்போ நைலான் கிடையாது. சணல் மாதிரி லினன் நூலை முறுக்கிச் செஞ்ச கயிறு. உப்புத் தண்ணியில் ஊறினதைச் சாயங்காலம் ரீலிலிருந்து மொத்தமும் உருவிக் காயப்போடணும், இல்லேன்னா இத்துப்போயிடும். மறுநாள் காலையில் திரும்பச் சுத்தணும். போட்டோவில் மீன் பக்கத்தில் சிரிச்சுக்கிட்டு நிக்கிறவர் ஒருத்தர், ஆனா தினமும் கயிறு காயப்போட்டவங்க வேற ஆளுங்க. இதைக் கொஞ்சம் மனசில் வச்சுக்குங்க.

1934 கோடையில் படகு கியூபாவுக்குப் போச்சு. அதுக்கு முந்தின வருஷம் ஜோ ரசல்ங்கிற சாராயக்கடை முதலாளியோட 'அனிட்டா' படகில் போய் ஐம்பதுக்கும் மேல மார்லின் பிடிச்சிருந்தார் ஹெமிங்வே. (மார்லின்னா நம்ம மயில்மீனுக்குச் சொந்தக்காரன், மூக்கு ஈட்டி மாதிரி நீண்டிருக்கும்.) அந்தக் கடலில் மார்லினைத் தேடிக் கண்டுபிடிக்க அவருக்குக் கத்துக்கொடுத்தவர் கார்லோஸ் குத்தியரஸ்ங்கிற கியூபா மீனவர். 1934இல் பிலாரில் வேலைக்கு வந்ததும் அவர்தான். மீன் தூண்டிலில் மாட்டினதும் நாற்காலியில் உட்கார்ந்து ரீலைச் சுத்தறவர் பாதி வேலைதான் பார்க்கறார். மீன் ஓடற திசைக்குப் படகைத் திருப்பி, கயிறு அறுந்துபோகாம, ப்ரொப்பெல்லரில் சிக்காம பார்த்துக்கறது சுக்கான் பிடிக்கிறவர் வேலை.

அந்த வருஷம் பிலடெல்பியா இயற்கை அறிவியல் கழகத்திலிருந்து சார்லஸ் காட்வாலடர், ஹென்றி ஃபௌலர்னு ரெண்டு பேர் படகில் வந்து தங்கினாங்க. மார்லினில் எத்தனை இனம், எது ஆண் எது பெண்ணுங்கிறதே அப்போ பெரிய குழப்பம். பொழுதுபோக்கா மீன் பிடிக்கிற படகு கொஞ்ச நாளைக்கு ஆராய்ச்சிக் கப்பலாச்சு. 1935இல் ஃபௌலர் ஒரு தேள்மீன் இனத்துக்கு ஹெமிங்வே பேரையே வச்சார்: நியோமெரிந்தே ஹெமிங்வேயி. முள்ளு முள்ளா இருக்கிற மீன். தெரிஞ்சுதான் வச்சாரான்னு கேக்காதீங்க :-)

சரி, 1935க்கு வருவோம். புளோரிடாவுக்கு எதிரே, வளைகுடா நீரோட்டத்தின் ஓரத்தில் பிமினின்னு ஒரு குட்டித் தீவு. அப்போ பிரிட்டிஷ் பஹாமாஸில் சேர்ந்தது. கரையை விட்டுக் கொஞ்ச தூரத்திலேயே கடல் அதலபாதாளம். அதனால பெரிய மீனெல்லாம் கரைக்குப் பக்கத்திலேயே போகும். மே, ஜூனில் ராட்சச சூரை மீன்கள் கூட்டமா வடக்கே போற பாதையும் அதுதான்.

ஏப்ரல் 7ஆம் தேதி கீ வெஸ்டிலிருந்து கிளம்பினாங்க. கூட நாவலாசிரியர் ஜான் டாஸ் பாசோஸ், அவர் மனைவி கேட்டி, ஓவியர் மைக் ஸ்ட்ரேட்டர். வழியில் ஒரு சுறா மாட்டிச்சு. அதைக் கொக்கியால் இழுத்துப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையில் கைத்துப்பாக்கியோட தலையில் சுட ஆரம்பிச்சார் ஹெமிங்வே. சுறா துள்ள, கொக்கிக் கம்பு முறிய, குண்டு படகு விளிம்பிலிருந்த பித்தளையில் பட்டுத் தெறிச்சு அவரோட ரெண்டு காலிலும் பாய்ஞ்சது! படகைத் திருப்பிக்கிட்டு டாக்டரிடம் போனாங்க. கேட்டிக்கு வந்த கோபத்தில் அவரோட பேசவே இல்லையாம். ஒரு வாரம் கழிச்சுத் திரும்பக் கிளம்பினார். நடுவில் இந்தக் கூத்தையே ஒரு கட்டுரையா எழுதி எஸ்குவயருக்கு அனுப்பிட்டார். முன்பணக் கடன் கழியணுமில்ல!

பிமினியில் அப்போ ஒரு பெரிய பிரச்சினை இருந்தது. சூரை தூண்டிலில் மாட்டும், ஆனா முழுசா படகேறாது. மணிக்கணக்கா இழுத்துக் களைச்சுப் போன மீனைச் சுறா வந்து கடிச்சுடும். தலை மட்டும் மிஞ்சும். ஹெமிங்வே கண்டுபிடிச்ச வழி சிம்பிளானது, ஆனா முதுகு ஒடியற வேலை. மீனுக்கு ஓய்வே கொடுக்கக் கூடாது. அது நின்னு மூச்சு வாங்கற நேரத்தில்தான் நாமளும் மூச்சு வாங்குவோம். அந்த இடைவெளியில்தான் சுறா வரும். அதனால விடாம இழுத்து, சீக்கிரமா முடிச்சிடணும். அந்த மே மாசம் 381 பவுண்டு, அதாவது சுமார் 173 கிலோ சூரையை ஒரு கடி கூட படாம கரைக்குக் கொண்டு வந்தார். பிமினியில் அப்படி முழு மீனாக் கொண்டு வந்ததில் அவர்தான் முதல் ஆள்னு சொல்லுவாங்க.

அதே மாசம் ஸ்ட்ரேட்டருக்கு ஒரு பிரமாண்ட மார்லின் மாட்டிச்சு. ஆயிரம் பவுண்டு தேறும்னு கணக்கு. கிட்டக் கொண்டு வர்ற நேரத்தில் சுறாக்கள் வந்தன. ஹெமிங்வே தாம்சன் இயந்திரத் துப்பாக்கியை எடுத்துக் கடலைப் பார்த்துப் பொழிஞ்சார். செத்த சுறாவோட ரத்தம் தண்ணியில் கலந்தா என்ன ஆகும்? இன்னும் பத்து சுறா வரும். வந்தது. கரையில் எடை போட்டப்ப 500 பவுண்டுதான் மிச்சம், பின்பாதி எலும்பு தெரிய. அந்த மீன் பக்கத்தில் ரெண்டு பேரும் நிக்கிற போட்டோ இன்னிக்கும் இருக்கு. ஸ்ட்ரேட்டர் இதை மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. சுட்டது உதவின்னு ஹெமிங்வே நினைச்சிருக்கலாம். எனக்கென்னவோ, அடுத்தவன் மீனு பெருசா இருந்தா சிலருக்குக் கை பரபரக்கும்னுதான் தோணுது.

பிமினி படகுத்துறையில் ஜோசப் நாப்ங்கிற பணக்காரரோட ராத்திரியில் அடிதடி, அவரை அடிச்சு வீழ்த்தினது, அதை உள்ளூர்ப் பாடகர்கள் பாட்டாவே கட்டினது இதெல்லாம் தனிக்கதை. விட்டுடறேன்.

கோடை முடிஞ்சு கீ வெஸ்ட் திரும்பினதும் செப்டம்பர் 2ஆம் தேதி புயல். அமெரிக்கக் கரையைத் தொட்ட புயல்களிலேயே காற்றழுத்தம் மிகக் குறைஞ்சது, 892 மில்லிபார். பிலாரை நீர்மூழ்கித் தளத்துக்குள்ளே பத்திரமா கட்டிட்டு ராத்திரி முழுக்க முழிச்சிருந்தார் ஹெமிங்வே. படகு தப்பிச்சது. புயல் கீ வெஸ்டை விட்டு விலகி, மேலே இருக்கிற மேட்டகம்பே தீவுகளில் அடிச்சது. அங்கே முதல் உலகப்போரில் சண்டை போட்ட பழைய சிப்பாய்களை அரசாங்கம் ரோடு போடற வேலைக்குக் கூடாரங்களில் தங்க வச்சிருந்தது. கூட்டிட்டு வர அனுப்பின ரயில் தாமதமா வந்து, கடைசியில் அதுவே அலையில் கவிழ்ந்தது. செத்தவங்க 400க்கும் மேல, அதில் 250க்கும் மேற்பட்டவங்க சிப்பாய்கள்.

ரெண்டு நாள் கழிச்சு உதவிப் பொருளோட படகில் போனவங்களில் ஹெமிங்வேயும் ஒருத்தர். பிணங்களைப் பார்த்துட்டு வந்து 'நியூ மாஸஸ்'ங்கிற இடதுசாரிப் பத்திரிகையில் அவர் எழுதின கட்டுரை வெறும் நெருப்பு. அதில் ஒரு விஷயம் சொல்றார்: உல்லாசப் படகுக்காரங்களும் மீன் பிடிக்க வர்ற ஜனாதிபதிகளும் புயல் மாசத்தில் இந்தப் பக்கம் வரமாட்டாங்க, ஏன்னா படகு போயிடும்னு அவங்களுக்குத் தெரியும், அப்புறம் இந்தச் சிப்பாய்களை மட்டும் யார் இங்கே வச்சதுன்னு. நாலு மாசம் முன்னாடி சுறா மேல தோட்டா விரயம் பண்ணின அதே ஆள்தான் இதையும் எழுதினார். ரெண்டையும் சேர்த்துப் படிக்கணும்.

1936 ஏப்ரல் எஸ்குவயரில் ஒரு கட்டுரை. நடுவில், கார்லோஸ் சொன்னதா ஒரு சின்னச் சம்பவம். கபான்யாஸ் பக்கத்துக் கிழவர் ஒருத்தர் சின்னப் படகில் தனியாப் போய் மார்லினைப் பிடிச்சிருக்கார். தூண்டிலும் கையும்தான், ரீல் கிடையாது, நாற்காலி கிடையாது, எஞ்சின் கிடையாது. நம்ம தூத்தூர்க்காரங்க கேட்டா தலையாட்டுவாங்க. மீன் அவரைக் கடலுக்குள்ளே இழுத்துட்டுப் போக, ரெண்டு நாள் கழிச்சு மத்த மீனவர்கள் கண்டுபிடிச்சப்ப சுறாக்கள் பாதியைத் தின்னுட்டிருந்தன. மிச்சமே 800 பவுண்டு. கிழவர் படகில் உட்கார்ந்து அழுதுக்கிட்டிருந்தாராம்.

இந்த ஒரு பத்திதான் 16 வருஷம் கழிச்சு, 1952இல், நாவலாச்சு. 'லைஃப்' பத்திரிகையில் மொத்தமா வெளியாகி ரெண்டே நாளில் 50 லட்சம் பிரதி. கிழவர் யாருன்னு உலகம் தேட ஆரம்பிச்சதும் எல்லாரும் கைகாட்டினது கிரகோரியோ ஃபுவென்டஸை. அவர் பிலாருக்கு வந்ததே 1938இல். கதை அச்சாகி ரெண்டு வருஷம் ஆச்சு அப்போ! கதையைச் சொன்ன கார்லோஸை யாரும் பெருசா கண்டுக்கலை. அழுத கிழவருக்குப் பேரே இல்லை.

1961இல் ஹெமிங்வே போனப்புறம் பிலார் கிரகோரியோ கைக்கு வந்து, பிறகு கியூபா அரசாங்கத்துக்குப் போச்சு. ஹவானாவுக்குப் பக்கத்தில் அவர் வாழ்ந்த வீட்டில், டென்னிஸ் ஆடின இடத்தில், கூரை போட்டுத் தரையில் நிறுத்தி வச்சிருக்காங்க. கிரகோரியோ கொஹிமார் கிராமத்திலேயே இருந்து 2002இல், 104 வயசில் இறந்தார். அந்தக் கிராமத்துக் கடற்கரையில் ஹெமிங்வேக்கு ஒரு மார்பளவுச் சிலை இருக்கு. செய்ய வெண்கலம் கிடைக்கலைன்னு கொஹிமார் மீனவர்கள் தங்கள் படகுகளிலிருந்து பழைய ப்ரொப்பெல்லர், பித்தளைச் சாமானையெல்லாம் கழட்டிக் கொடுத்து, அதை உருக்கி வார்த்தது.