மழைக்கோடையும் கொழும்பு வீடும்

யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்தின் பொருட்டோ கல்வியின் பொருட்டோ முதன்முறையாக வைகாசி மாதத்திலே கொழும்புக்கு வந்து சேர்ந்த ஒருவரை முதலில் வியக்கவைத்தது மழையாகவே இருந்திருக்கும். அவர் பிறந்த மண்ணிலே பெருமழை ஐப்பசியில் தொடங்கி மார்கழியில் ஓயும். வைகாசியும் ஆனியும் வெயிலுக்கும் வறண்ட காற்றுக்கும் உரியவை. வெயிலும் மழையும் அங்கே முறைவைத்து வருவன. கொழும்பிலோ வெப்பம் தணியுமுன்னரே மழை வந்துவிடுகின்றது. மழை விட்டதும் புழுக்கம் வந்துவிடுகின்றது. துவைத்த வேட்டி இரண்டு நாளாகியும் உலர்வதில்லை. உப்புச் சாடி கசிகின்றது. புத்தக அட்டையிலே பூஞ்சணம் பிடிக்கின்றது. ஊரிலிருந்து ஆசையோடு கட்டிக்கொண்டு வந்த பனங்கட்டி குட்டானுக்குள்ளேயே இளகிவிடுகின்றது. இந்த மழைக்கோடையிலே வீட்டுக்குள் நலமாக வாழ்வது எவ்வாறு என்னும் வினாவுக்குக் கொழும்பு நகரம் பல நூற்றாண்டுகளாக விடை தேடி வந்திருக்கின்றது. அவ்விடைகளின் வரலாற்றை இன்று சிறிது நோக்குவோம்.

ஒரே காற்று ஒரு புறத்தில் மழையாகவும் மறு புறத்தில் வறட்சியாகவும் வருவது இத்தீவின் இயல்பு. கண்டி இராச்சியத்திலே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்து தப்பிச் சென்ற றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலில் இதனை வியந்து எழுதியிருக்கின்றார். மேல்காற்று வீசும்போது மேற்கிலே மழை பெய்வதையும், அதே வேளையில் கிழக்கு உலர்ந்திருப்பதையும், நடுவேயுள்ள மலைகள் அவ்விரண்டையும் பிரிப்பதையும் அவர் கண்ணாரக் கண்டவர். கடலின் ஈரத்தைச் சுமந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கரையிலும் மலைச்சரிவிலும் அதனை இறக்கிவிட்டு, மலையைத் தாண்டும்போது வறண்ட காற்றாகி விடுகின்றது. மட்டக்களப்பு மக்கள் கச்சான் என்று அலுத்துக்கொள்வதும், யாழ்ப்பாண மக்கள் சோழகம் என்று அழைப்பதும், வெள்ளவத்தையில் யன்னலைச் சாத்தவைக்கும் மழைக்காற்றும் ஒரே பருவத்தின் வேறுவேறு முகங்களேயாகும். கொழும்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. யாழ்ப்பாணத்தில் பெய்வது அதிலே பாதியளவுதான்.

உலர்ந்த வெப்பத்துக்கும் ஈர வெப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டை இவ்விடத்தில் விளங்கிக்கொள்வது நன்று. வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கின்றது. வறண்ட காற்றிலே இது விரைவில் நிகழும். ஆகவே நிழலும் ஒரு மண்பானைத் தண்ணீரும் இருந்தால் யாழ்ப்பாணத்துக் கோடையைக் கழித்துவிடலாம். திண்ணையும், நடுமுற்றத்தைச் சூழ நான்கு புறமும் தாழ்வாரமும் அமைந்த நாற்சார் வீடு அந்த வெயிலுக்கு ஏற்ற வீடு. காற்றிலே ஏற்கனவே ஈரம் நிறைந்திருந்தாலோ வியர்வை உடலிலேயே தங்கிவிடுகின்றது. மண்பானைத் தண்ணீரும் குளிர மறுக்கின்றது. அங்கே நிழல் மட்டும் போதாது. அசையும் காற்றும் வேண்டும். ஆனால் காற்றுக்குத் திறந்த வழியாலேயே மழையும் வருகின்றது. காற்றை உள்ளே விட்டு மழையை வெளியே நிறுத்துவது எப்படி என்பதே கொழும்பு வீட்டின் வரலாறு முழுவதிலும் நாம் காணும் ஒரே பிரச்சினையாகும்.

இதற்கு முதல் விடை சொன்னவர்கள் இந்நாட்டின் குடிமக்களே. தாழ இறங்கிய கூரையும், கிடுகு வேய்ந்த இறவாணமும் மழையைச் சுவரிலிருந்து விலக்கிவைத்தன. பின்னர் வந்த ஐரோப்பியரும் இப்பாடத்தைக் கற்கவேண்டியவராயினர். நாம் இன்று வழங்கும் விறாந்தை, யன்னல் என்னும் இரு சொற்களும் போர்த்துக்கேய மொழித் தொடர்புடையவை. வீட்டின் முன்தாழ்வாரத்தைச் சிங்கள மக்கள் இஸ்தோப்புவ என்று சொல்வது ஒல்லாந்தரின் சொல்லிலிருந்து வந்ததாகும். காற்றோடும் மழையோடும் மனிதன் செய்துகொண்ட உடன்படிக்கைக்கு இச்சொற்களே சாட்சிகள்.

1656இல் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கட்டிய வீடுகளில் தடித்த சுவர்களும், தூண் நிறுத்திய அகன்ற விறாந்தையும், பின்புறத்திலே உள்முற்றமும் காணப்பட்டன. அரைவட்டப் பீலி ஓடுகளின் இடைவெளிகளூடே கூரையும் ஓரளவு மூச்சு விட்டது. புறக்கோட்டையில் ஒல்லாந்தர் கால நூதனசாலையாக விளங்கும் கட்டிடத்தில் இவ்வமைப்பை இன்றும் காணலாம். கொட்டாஞ்சேனைக்கு அண்மையிலே, மேட்டு நிலத்தில் 1757இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட வொல்வெண்டால் தேவாலயத்துக்குள் நடுப்பகலில் நுழைபவர், தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் தரும் ஆறுதலை உடனே உணர்வர்.

எனினும் இந்த ஆறுதல் எல்லார்க்கும் கிடைக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே துறைமுகம் வளர்ந்தது. கொட்டாஞ்சேனையும் செட்டியார் தெருவும் கொச்சிக்கடையும் நெருக்கமாயின. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளிலே முன்கதவு ஒன்றே காற்றுக்கும் வழி, மனிதருக்கும் வழி. பின்புறத்துத் தோட்டங்கள் எனப்பட்ட குடியிருப்புகளில் ஓர் அறையிலே ஒரு குடும்பம் வாழ்ந்தது. மழை நாட்களில் அடுப்புப் புகையும் ஈரத்துணியும் நோயாளியும் குழந்தையும் அந்த ஓர் அறைக்குள்ளேயே அடங்கவேண்டியிருந்தன. 1886இல் லபுகம நீர்த்தேக்கத்திலிருந்து குழாய்நீர் வந்தது பெரும் நன்மையே. ஆயினும் காற்றைக் குழாய் வழியே கொண்டுவர முடியவில்லை.

1914இல் கொள்ளைநோய் கொழும்பை அடைந்தபோது, அரிசிக் களஞ்சியங்களும் அவற்றை அண்டி வாழும் எலிகளும் நெருக்கமான வீடுகளும் சேர்ந்திருந்த வட்டாரங்கள் பெரிதும் துன்புற்றன. மறு ஆண்டிலே, 1915இல், வீடமைப்பு நகர அபிவிருத்திச் சட்டம் பிறந்தது. வீட்டின் பின்னே வெற்றிடம் விடவேண்டும், அறைகளுக்கு வெளிச்சமும் காற்றும் புகும் திறப்புகள் இருக்கவேண்டும் என்பன அதன் விதிகளிலே அடங்கும். அதுவரை வசதியுள்ளவர் வீட்டின் அணியாக இருந்த யன்னல், அன்று முதல் ஏழையும் கேட்கக்கூடிய உரிமையாயிற்று. 1921இல் நகரைப் பார்வையிட்டு அறிக்கை தந்த பற்றிக் கெடிஸ் என்னும் நகரமைப்பு அறிஞர், கொழும்பு ஒரு சோலை நகராக வளரவேண்டும் என்று விரும்பினார். மரநிழலும் வெற்றிடமும் அவருக்கு அழகுக்காக மட்டும் வேண்டியிருக்கவில்லை.

இனி வெள்ளவத்தைக்கு வருவோம். வெல்ல என்றால் சிங்களத்திலே மணற்கரை. வத்த என்றால் தோட்டம். பெயருக்கேற்ப அது மணற்பாங்கான தென்னந்தோட்டமாக இருந்தது. 1877இல் கரையோரப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டபின், கோட்டையிலே வேலை செய்வோர் தெற்கே குடியேறுவது எளிதாயிற்று. எழுதுவினைஞரும் ஆசிரியரும் கணக்கருமாக வடக்கிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் பல இங்கே நிலைகொண்டன. 1942இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கமும் இங்கேயே வேரூன்றியது. காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் குறுக்கு வீதிகள் ஒவ்வொன்றும் கடற்காற்றுக்கு இயற்கையான வாய்க்கால் போன்றது. இவ்வீடுகளில் வாசலுக்கும் பின்கதவுக்கும் இடையே நேர்வழி இருந்தது. கதவுகளுக்கு மேலே செதுக்கற் பலகை பொருத்தியிருந்தார்கள். கதவைப் பூட்டினாலும் காற்று நின்றுவிடாது. யன்னலுக்கு மேலே ஒரு சிறு சாய்ப்பு நீட்டியிருக்கும்; தூறலிலும் யன்னலைத் திறந்துவைக்கலாம்.

கட்டிடம் செய்ததில் பாதியை இல்லத்தரசியர் செய்தனர் என்பதை வரலாறு எழுதுவோர் மறந்துவிடுகின்றனர். ஊர் முற்றத்து வெயிலிலே காய்ந்த ஒடியலும் புழுக்கொடியலும் மோர்மிளகாயும் புகையிரதம் ஏறிக் கொழும்புக்கு வந்தன. 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியபின் இப்போக்குவரத்து இன்னும் பெருகிற்று. ஊரிலே கடகத்தில் இருந்த பண்டம் இங்கே இறுக மூடிய தகரப் பேணிக்குள் புகுந்தது. உப்புக்குள் ஒரு பிடி அரிசி போட்டார்கள். அரிசிக்குள் வேப்பிலை போட்டார்கள். நனைந்த தலையையும் குழந்தையின் துணியையும் சாம்பிராணிப் புகையிலே காட்டினார்கள். அடுப்புக்கு மேலே கொடி கட்டினார்கள். மழைக்குணத்துக்குக் கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்த நீரைப் பருகக் கொடுத்தார்கள். ஆடி மாதத்து வானம் ஒரு மணிநேரம் வெளித்தாலும் போதும். பாயும் தலையணையும் ஏட்டுச்சுவடியும் விறாந்தைக்கு வந்துவிடும். வறண்ட நாட்டிலே பிறந்தோர் ஈர நாட்டிலே வாழக் கற்ற கல்வி இது. இதற்குப் பாடநூல் இருக்கவில்லை. தாயிடமிருந்து மகளுக்கும், பக்கத்து வீட்டுச் சிங்களத் தாயிடமிருந்து தமிழ்த் தாய்க்கும் அது வாய்வழியே சென்றது.

மின்சாரம் வந்தபின் இக்கதையிலே ஒரு புதிய திருப்பம் நேர்ந்தது. 1950இல் இலக்சபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. எந்தப் பருவக்காற்று கொழும்பைப் புழுங்கவைக்கின்றதோ, அதே காற்று மேற்கு மலைச்சரிவிலே பெய்த மழைதான் கீழே வந்து வெள்ளவத்தையின் மின்விசிறியைச் சுழற்றியது. காற்று இல்லாத அறைக்கும் காற்று கிடைத்தது. ஆனால் அந்த வசதியே ஒரு மறதியையும் கொண்டுவந்தது. விசிறி இருக்கும்போது எதிர்யன்னல் எதற்கு, விறாந்தை எதற்கு என்று எண்ணத் தொடங்கினோம்.

அந்த மறதியை எதிர்த்தவர்களும் உண்டு. 1956இல் மாக்ஸ்வெல் பிரை, ஜேன் ட்ரூ என்னும் இருவர் ஈரமான வெப்பநாடுகளின் கட்டிடக் கலை பற்றி ஒரு நூலையே எழுதினர். நமது நாட்டில் மினெற் டி சில்வாவும் ஜெப்ரி பாவாவும் பழைய முற்றத்தையும் தாழ்ந்த ஓட்டுக் கூரையையும் புதிய வீடுகளுக்குள் மீட்டுக்கொண்டு வந்தனர். 1960 முதல் 1962 வரையில் கொள்ளுப்பிட்டியிலே சிறிய நிலத்துண்டொன்றில் பாவா அமைத்த ஈனா டி சில்வாவின் வீடு, மாநகர நெருக்கத்துக்குள்ளும் முற்றமும் மழையும் காற்றும் ஒருங்கே வாழலாம் என்று காட்டியது. அவ்வீடு பிற்காலத்திலே பகுதி பகுதியாகக் கழற்றப்பட்டுப் பெந்தோட்டைக்கு அருகே லுணுகங்கையில் மீண்டும் எழுப்பப்பட்டது. அதனை அங்கே காப்பாற்ற முடிந்தது. கொழும்பிலே அதற்கு இடமிருக்கவில்லை.

1983ஆம் ஆண்டின் ஆடிக் கலவரத்துக்குப் பின்னும் அதனைத் தொடர்ந்த போர்க்காலத்திலும் வெள்ளவத்தை பலமுறை வெறுமையாகி, பலமுறை நிறைந்தது. வடக்கிலிருந்து புகலிடம் தேடி வந்தோருக்கு முற்றம் வைத்த வீடு எட்டாக்கனி. மாடிக் குடியிருப்பே கிடைத்தது. இன்று உயர்ந்த கட்டிடங்கள் கடற்காற்றுக்கு முன்னே வரிசையாக நிற்கின்றன. பின்வீதியில் உள்ளோர் யன்னலை மூடிக் குளிர்சாதனப் பெட்டியை நாடுகின்றனர். அதனை வாங்க இயலாதோர் புழுக்கத்திலேயே உறங்குகின்றனர்.

மழையும் தன் பழைய வலிமையை இழந்துவிடவில்லை. 1947 ஓகஸ்டிலே களனி கங்கை பெருகித் தாழ்நிலங்களை மூழ்கடித்தது. 1992 யூன் 4ஆம் நாள் கொழும்பில் ஒரே நாளில் 490 மில்லிமீற்றருக்கும் மேல் மழை கொட்டியது. 2017இல் நாடெங்கும் ஓர் இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளானதாகப் பதிவாயிற்று. அந்நோயைப் பரப்பும் நுளம்பு சேற்றுக் குட்டையைத் தேடுவதில்லை. நம் கூரைப் பீலியிலும், பூச்சாடித் தட்டிலும், எறிந்துவிட்ட சிரட்டையிலும் தேங்கும் தெளிந்த நீரே அதற்குப் போதும். ஆகவே வாரம் ஒருமுறை பீலியை வழித்து, தேங்கிய நீரைக் கவிழ்ப்பது மழைக்கோடையின் முதற் கடமையாகும். யன்னலுக்கு வலையடித்தால் நுளம்பு நிற்கும், காற்று நிற்காது.

வீட்டுக்கு வெளியேயும் ஒரு கடமை உண்டு. கொழும்பைச் சூழ்ந்த சதுப்பு நிலங்கள் பெருமழையை வாங்கிக்கொள்பவை, நகரின் வெப்பத்தைத் தணிப்பவை. அவற்றின் பொருட்டே 2018இல் கொழும்பு ஈரநில நகரம் என்னும் சர்வதேச மதிப்பைப் பெற்றது. அவற்றை மண்ணிட்டு நிரப்புவோர் அயலாரின் வாசலிலே வெள்ளத்தை வரவழைக்கின்றனர்.

நேயர்களே, மழையை நம்மால் நிறுத்த முடியாது; நிறுத்தவும் வேண்டாம். நம் முன்னோர் கேட்டது காற்றுக்கு ஒரு வழி மட்டுமே. இனி ஒரு வீட்டையோ குடியிருப்பையோ தெரிவு செய்யும்போது, அறை எத்தனை என்று கேட்குமுன், காற்று எந்த வழியால் வந்து எந்த வழியால் போகும் என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு கேள்வியை மறந்த ஒரு வட்டாரம் என்ன விலை கொடுத்தது என்பதை, 1914ஆம் ஆண்டு நமக்குச் சொல்லியிருக்கின்றது.