குறிப்பேட்டுக் கால்குலேட்டர்

குறிப்பேட்டுக் கால்குலேட்டர் என்பது கணினித் திரையில் கணக்கை வரிவரியாக எழுத எழுத, ஒவ்வொரு வரியின் விடையையும் பக்கத்திலேயே காட்டும் மென்பொருள் வகை. எண்களோடு சம்பளம், வாடகை, தவணை என்று பெயரும் எழுதி வைக்கலாம். மேலே ஓர் எண்ணைத் திருத்தினால், அதைச் சார்ந்த விடைகள் தாமாகவே மாறிவிடும்.

தோற்றம்

பெல் ஆய்வகத்தில் லோரிண்டா செரியும் ராபர்ட் மோரிஸும் எழுதிய ‘பிசி’ என்னும் நிரல் 1975இல் யூனிக்ஸ் இயங்குதளத்தோடு வந்தது. கணக்கை ஒரு வரியாகத் தட்டினால் விடை தரும். டான் பிரிக்லின், பாப் பிராங்ஸ்டன் இருவரின் ‘விசிகால்க்’ (1979), ஓர் எண் மாறினால் மற்றவையும் மாறும் வசதியை அலுவலக மேசைக்குக் கொண்டுவந்தது. ஆனால் அதில் சூத்திரங்கள் கட்டங்களுக்குள் மறைந்திருந்தன. 1985இல் விண்டோஸின் முதல் பதிப்போடு வந்த கால்குலேட்டரோ கைக்கருவியைப் போலப் பொத்தான்களைக் காட்டியது; விடை நின்றது, வந்த வழி நிற்கவில்லை. சூத்திரம், விளக்கம், விடை மூன்றையும் ஒரே பக்கத்தில் வைத்த ‘மேத்கேட்’ (1986) பொறியாளர்களுக்கானது.

வளர்ச்சி

அன்றாடக் கணக்குக்கு இவ்வடிவத்தைக் கொடுத்தது ‘சோல்வர்’. ஆஸ்திரேலியாவின் அக்வாலியா நிறுவனம் 2005இல் மேக் கணினிகளுக்காக இதை வெளியிட்டது. ‘கால்கா’ (2013), ‘நூமி’ முதலியவை பின்தொடர்ந்தன. 2024இல் ஆப்பிள் ‘மேத் நோட்ஸ்’ வசதியைத் தன் கருவிகளிலேயே சேர்த்தது. ஐபேடில் கையால் எழுதிய கணக்குக்கும் அது விடை தருகிறது.

பயன்பாடு

மலேசியாவில் சிங்கப்பூரை ஒட்டிய ஜொகூர் பாருவின் பெர்மாஸ் ஜெயா போன்ற எல்லைப்புறக் குடியிருப்புகளில் இரு நாணயக் கணக்கு அன்றாடத் தேவை. 1973 மே 8 வரை மலேசிய ரிங்கிட்டும் சிங்கப்பூர் டாலரும் சம மதிப்பில் மாறின; இன்று மாற்று விகிதம் நாளுக்கு நாள் வேறுபடுகிறது. சிங்கப்பூரில் வேலை செய்பவர் கைக்கு வரும் சம்பளம் 2,400 டாலர், விகிதம் 3.30, வீட்டுத் தவணை 1,850 ரிங்கிட் என்று மூன்று வரி எழுதினால், மிச்சம் 6,070 ரிங்கிட். விகிதத்தை மட்டும் 3.25 என்று திருத்தினால் மிச்சம் 5,950 ஆகும். ஐந்து காசு இறக்கம் மாத மிச்சத்தில் 120 ரிங்கிட்டைக் குறைப்பது உடனே கண்ணுக்குத் தெரியும்.

குறைகள்

கருவிக்குப் புரியாத சொல்லை அது விட்டுவிட்டோ தவறாகப் பொருள்கொண்டோ கணக்கிடக்கூடும். இணையத்திலிருந்து எடுக்கும் நாணய விகிதம் நாணயமாற்றுக் கடை தரும் விகிதம் ஆகாது. மலேசியாவில் 2008 ஏப்ரல் முதல் ரொக்கத் தொகை ஐந்து சென்னுக்கு முழுமையாக்கப்படுவதால், கருவி 51.52 என்று காட்டும் பில்லுக்குக் கடையில் 51.50 கட்டினால் போதும்.

விடை மட்டும் போதுமென்றால் சாதாரண கால்குலேட்டரே போதும். குடும்ப வரவு செலவுபோல் பலமுறை திருத்தவும், இன்னொருவர் பார்த்துச் சரிபார்க்கவும் வேண்டிய கணக்குகளுக்கு, வழியையும் விடையையும் சேர்த்துக் காட்டும் இக்கருவியே ஏற்றது.