கடலலை மின்னாக்கிக் கட்டுப்பாடு

கடலலை மின்னாக்கிக் கட்டுப்பாடு என்பது, அலையில் அசையும் மிதவை அல்லது நீர்த்தம்பத்திலிருந்து கூடுதல் மின்சாரம் பெறுவதற்காக, அந்த அசைவை நொடிக்கு நொடி திருத்தியமைக்கும் முறை. ஆலைகளில் கட்டுப்பாட்டுக் கருவி வெப்பத்தையோ வேகத்தையோ ஒரே அளவில் நிறுத்தி வைக்கப் பார்க்கும். இங்கே அப்படி நிலையான இலக்கு கிடையாது. இயந்திரம் உடையக் கூடாது; அந்த வரம்புக்குள் எவ்வளவு ஆடினாலும் நல்லதுதான்.

சிக்கலின் வேர் காலப் பொருத்தத்தில் இருக்கிறது. திறந்த கடலின் பெரிய அலைகள் 8 முதல் 12 நொடிக்கு ஒன்றாக வருகின்றன. கட்டுப்படியாகும் விலையில் செய்யக்கூடிய சிறு மிதவையின் இயல்பான அலைவு நேரமோ 3, 4 நொடிதான். ஆகவே அது நீர்மட்டத்தோடு சும்மா ஏறி இறங்குகிறது. அலையின் உந்துவிசை உச்சத்தில் இருக்கும்போது ஏறக்குறைய அசையாமல் நிற்கிறது. விசையும் வேகமும் சேர்ந்து உச்சம் தொட்டால்தான் ஆற்றல் முழுதாகக் கைமாறும். அந்தப் பொருத்தம் அமைந்தால் ஆதாயம் பெரிது. மேலும் கீழுமாக ஆடும் வட்டமான மிதவை, தன் குறுக்களவு எதுவானாலும், அலைநீளத்தை 6.28-ஆல் வகுத்தால் வரும் அகலத்துக்குரிய ஆற்றலை எடுக்க முடியும் என்பது 1970-களில் நிறுவப்பட்டது. 10 நொடி அலைக்கு இது சுமார் 25 மீட்டர். ஏட்டளவில்தான்; சிறு மிதவை அதற்காக ஆட வேண்டிய உயரம் நடைமுறையில் எட்டாதது.

ஜெனரேட்டர் வேகத்துக்கேற்ற எதிர்விசை தருவதே மிக எளிய முறை. அது பழுதில்லாமல் ஓடும், ஆனால் காலப் பொருத்தத்தைத் தொடாது. நார்வேயின் துரோன்ஹைமில் பூதால், ஃபால்னெஸ் என்ற ஆய்வாளர்கள் முன்வைத்த வழி வேறு: மிதவையை உச்சியிலும் அடியிலும் சற்று நேரம் பூட்டி நிறுத்தி, தக்க கணத்தில் விடுவது. விசை உச்சமடைவதற்கு, மிதவையின் அலைவு நேரத்தில் கால்பங்கு முன்னதாகப் பூட்டைத் திறக்க வேண்டும். 4 நொடி மிதவைக்கு அது 1 நொடி. அதாவது, இன்னும் வந்து சேராத அலை கருவிக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

கணக்குப்படி முழுப் பலன் தரும் முறைக்கும் இதே தேவை உண்டு. அதோடு, ஒவ்வொரு அலையிலும் சிறிது நேரம் ஜெனரேட்டர் மோட்டாராக மாறிக் கடலுக்கே ஆற்றலைத் திருப்பித் தர வேண்டும். ஆற்றல் இப்படிப் போய் வருவதில் ஏற்படும் இழப்பு இந்த ஆதாயத்தை எளிதில் தின்றுவிடும். அதனால் இன்றைய ஆய்வு, அலையைச் சில நொடிகள் முன்கணித்து, விசைக்கும் வீச்சுக்கும் உள்ள வரம்புகளையும் சேர்த்துக் கணக்கிடும் முறைகளின் பக்கம் சாய்ந்திருக்கிறது. இதில் ஒரு முரண் உண்டு. கட்டுப்பாட்டுக் கணக்குகளில் பெரும்பாலானவை மிதவை சிறிதளவே அசைகிறது என்ற அனுமானத்தில் எழுதப்பட்டவை. கட்டுப்பாடு வெற்றி பெறப் பெற அசைவு பெரிதாகி, அந்த அனுமானமே பொய்த்துப் போகிறது. அயர்லாந்தின் மேனூத் பல்கலைக்கழகத்தில் ஜான் ரிங்வுட் குழு இதை விரிவாக ஆராய்ந்துள்ளது.

அறைக்குள் ஏறி இறங்கும் நீர், மேலிருக்கும் காற்றைத் தள்ளிச் சுழலியைச் சுற்றவைக்கும் நீர்த்தம்ப நிலையங்களில் பிரச்சினை அந்தக் காற்றுச் சுழலியுடையது. வெல்ஸ் சுழலி, காற்று எத்திசையில் வந்தாலும் ஒரே பக்கம் சுற்றும். ஆனால் காற்றோட்டம் ஓர் அளவை மிஞ்சினால் உந்துதலை இழந்து திணறும். சுழல்வேகத்தை மாற்றுவதும், மிகைக் காற்றை வால்வு வழியே வெளியேற்றுவதும் அதற்கு மருந்து. சென்னை ஐ.ஐ.டி. வடிவமைத்து 1991-இல் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் இயக்கப்பட்ட 150 கிலோவாட் நிலையமும், ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் 2011 முதல் இயங்கும் முத்ரிக்கு நிலையமும் இவ்வகையின.

மிதவையைக் கட்டி முடித்த பிறகு கட்டுப்பாட்டைக் கொண்டுவந்து பொருத்துவது வீண் வேலை. இரண்டையும் சேர்த்தே வடிவமைக்க வேண்டும். சுவீடனின் கோர்பவர் நிறுவனம் அப்படித்தான் செய்தது. காற்றழுத்தத்தால் இயங்கி, மிதவையை நடுநிலைக்கு இழுக்காமல் அதிலிருந்து விலக்கித் தள்ளும் ‘எதிர்ச்சுருள்வில்’ அமைப்பு ஒன்று சாதாரண அலையில் மிதவையின் ஆட்டத்தைப் பெருக்குகிறது. புயலில் அதே இயந்திரம் அலையோடு ஒத்திசையாதபடி தளர்த்தி வைக்கப்படுகிறது. போர்ச்சுகலின் அகுசதோரா கடலில் நிறுவப்பட்ட இதன் மிதவை, 2023 நவம்பரில் 18.5 மீட்டர் வரை எழுந்த அலைகளைத் தாங்கியது.