ஒரு கோவில், இரண்டு வாசல்

முதல்ல ஒரு குற்ற ஒப்புதல் வாக்குமூலம். அப்புறம் வரலாறு.

2021 மே மாசம். நான் பெங்களூர்ல பொட்டி தட்ட ஆரம்பிச்சு ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. கொரோனா இரண்டாவது அலை உச்சத்துல இருந்த நேரம். 18 வயசுலேர்ந்து 44 வயசு வரைக்கும் இருக்கிறவங்க தடுப்பூசி போடணும்னா கோவின் தளத்துல முன்பதிவு செஞ்சே ஆகணும்னு விதி. ஸ்லாட் திறந்தா ரெண்டே நிமிஷத்துல காலி. நாம சும்மா இருப்போமா? பைத்தான்ல ஒரு நாற்பது வரி எழுதி ஓட விட்டேன். எங்கே ஸ்லாட் திறந்தாலும் லேப்டாப் மணியடிக்கும். மூணாவது நாள் அடிச்சது. சிட்டியில இல்லை, ஒன்றரை மணி நேரம் தள்ளி ஒரு சின்ன ஊர் அரசு ஆஸ்பத்திரி. ரூம்மேட்டோட பைக்ல போய் போட்டுக்கிட்டு வந்தேன்.

வரிசையில எனக்கு முன்னாடி ஏழெட்டு பேர். எல்லாரும் நம்ம ஜாதி, அதாவது பொட்டி தட்டுற ஜாதி :-) ஊர்க்காரங்க கேட்டுக்கு வெளியே நின்னுட்டிருந்தாங்க. அதுல ஒருத்தர், என் வயசுதான் இருக்கும், "எங்க ஊர் ஆஸ்பத்திரியில எங்களுக்கு ஏன் இல்லை?"ன்னு கன்னடத்துல கேட்டார். "ஆன்லைன்ல புக் பண்ணிட்டு வாங்க"ன்னு பதில் வந்தது. அவர் கையில இருந்தது பட்டன் போன்.

அந்த ஆளோட முகம் இன்னும் மறக்கலை. 'டிஜிட்டல் இடைவெளி'ன்னு கருத்தரங்குகள்ல பேசுறாங்களே, அதுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். இதோட பழைய கதையைத் தேடிப் படிச்சப்போதான் எம்பலம் கிடைச்சது.

புதுச்சேரிக்குப் பக்கத்துல ஒரு கிராமம் எம்பலம். 1998 ஜனவரியில எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவோட ஐ.டி.ஆர்.சி. அமைப்பின் உதவியோட, இந்தப் பகுதியில கிராம அறிவு மையங்களை ஆரம்பிச்சாங்க. வில்லியனூர்தான் தலைமை மையம். அங்கேர்ந்து கிராமங்களுக்குத் தகவல் போகணும். அப்போ டெலிபோன் லைனை நம்பி உட்கார முடியாது. அதனால விஎச்எஃப் ரேடியோவைக் கம்ப்யூட்டரோட இணைச்சாங்க. கரண்ட் போனா சோலார். பிராட்பேண்ட் அரை மணி நேரம் போனாலே புலம்புற நமக்கெல்லாம் இது கோவில் கட்டிக் கும்பிட வேண்டிய சமாச்சாரம்.

ஆனா டெக்னாலஜியை விட எனக்குப் பிடிச்சது அவங்க போட்ட நிபந்தனைதான். இடம் ஊர் தரணும். நடத்துற தன்னார்வலர்கள்ல பெண்கள் இருக்கணும். தலித் மக்கள் உட்பட யார் வந்தாலும் உள்ளே விடணும்.

எம்பலத்துல ஊர் கொடுத்த இடம் எது தெரியுமா? கோவில். நியூயார்க் டைம்ஸ் 2000 மே மாசம் அதைப் பத்தி ஒரு கட்டுரை போட்டது. கோவிலுக்கு ரெண்டு வாசல். ஒரு வாசல் வழியா சாமி கும்பிடப் போகலாம், ஆனா தலித் மக்களும் மாதவிலக்கான பெண்களும் போகக்கூடாது. இன்னொரு வாசல் வழியா போனா கம்ப்யூட்டர். அங்கே யார் வேணும்னாலும் போகலாம்.

இதைப் படிச்சதும் முதல்ல சந்தோஷமா இருந்தது. அப்புறம் உறுத்தலாவும் இருந்தது. முதல் வாசல் அப்படியே பூட்டித்தானே இருக்கு? கம்ப்யூட்டர் வந்து அதைத் திறந்துடலை. ஆனா ஒண்ணு, இல்லாத ஒரு வாசலைப் புதுசா வெட்டிக் கொடுத்தது. அதுவே பெரிய விஷயம்தான்.

அதே திட்டத்துல இன்னொரு ஊர் வீராம்பட்டினம், மீனவ கிராமம். அமெரிக்கக் கடற்படையோட இணையதளத்துலேர்ந்து அலை உயரத்தை எடுத்து ஒலிபெருக்கியில வாசிப்பாங்க. கவனிங்க, மீனவர் யாரும் மவுஸைத் தொட வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம், இங்கிலீஷ் வேண்டாம். காது இருந்தா போதும். 2004 டிசம்பர் 26 அன்னைக்கு நல்லவாடு கிராமத்துல இந்த ஒலிபெருக்கியோட அருமை தெரிஞ்சது. சிங்கப்பூர்ல இருந்த ஒரு ஊர்க்காரர் சுனாமி பத்தி போன்ல சொல்ல, மைக்ல அறிவிச்சு ஊரையே வெளியேத்தினாங்க. ஆயிரக்கணக்கான உயிர் தப்பிச்சது.

அடுத்து மதுரைப் பக்கம் மேலூர். 2001ல 'சாரி'ன்னு ஒரு திட்டம். ஐஐடி மெட்ராஸ், எம்ஐடி, ஹார்வர்டு, என்-லாக் கம்பெனின்னு பெரிய பெரிய கைங்க. ஐஐடியில பிறந்த கார்டெக்ட் வயர்லெஸ் மூலமா கிராமத்துக்கு இண்டர்நெட். உள்ளூர் ஆளுங்களே கியாஸ்க் நடத்தினாங்க. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதியோர் பென்ஷன் விண்ணப்பமெல்லாம் அங்கேர்ந்தே தாலுகா ஆபீசுக்குப் போகும். பஸ் செலவு மிச்சம், ஒரு நாள் கூலி மிச்சம்.

அப்புறம் என்ன ஆச்சு? பயிற்சி எடுத்த அதிகாரிகள் மாத்தலாகிப் போனாங்க. வந்தவங்களுக்கு அக்கறை இல்லை. சேவை நின்னுச்சு. கியாஸ்க்கும் ஒவ்வொண்ணா பெரும்பாலும் மூடிட்டாங்க.

ராஜேந்திர குமார், மைக்கேல் பெஸ்ட்னு ரெண்டு பேர் இந்த மேலூர் மையங்களை ஆராய்ஞ்சு 2006ல ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. மையத்துக்கு வந்தவங்க யாருன்னு பார்த்தா, பெரும்பாலும் இளைஞர்கள், ஆண்கள், மாணவர்கள், ஓரளவு வசதியும் படிப்பும் உள்ள முன்னேறிய சமூகத்தவர்கள். அதாவது ஏற்கெனவே இருக்கிற ஏற்றத்தாழ்வை மையமும் அப்படியே காப்பாத்திக் கொடுக்கலாம். ஆனா விதிவிலக்கும் இருந்தது. பிற்படுத்தப்பட்ட மக்கள் வசிக்கிற பகுதிக்குப் பக்கத்துல மையம் இருந்து, அந்த மக்கள்லேர்ந்தே ஒருத்தர் முன்னே நின்னு கூப்பிட்டா, அவங்களும் வந்தாங்க. விஷயம் மெஷின்ல இல்லைங்க. அது எந்தத் தெருவுல இருக்கு, யார் கூப்பிடுறாங்கங்கிறதுலதான் இருக்கு.

அதே 2006ல மத்திய அரசு நாடு முழுக்க ஒரு லட்சம் பொதுச் சேவை மையங்கள் அமைக்க ஒப்புதல் கொடுத்தது. 2016ல ஜியோ வந்து டேட்டா தண்ணியா ஓட ஆரம்பிச்சதும், இடைவெளியெல்லாம் மூடிடுச்சுன்னு நாமளே முடிவு பண்ணிட்டோம். ஆனா 2017-18 தேசிய மாதிரி ஆய்வுக் கணக்கு வேற சொன்னது. இண்டர்நெட் வசதி உள்ள வீடுகள் நகரத்துல 42 சதவீதம், கிராமத்துல 14.9 சதவீதம். கம்ப்யூட்டர் இருந்த கிராமத்து வீடுகள் 4.4 சதவீதம்தான்.

2021 மே 31 அன்னைக்கு உச்ச நீதிமன்றம் இந்தக் கணக்கையும் எடுத்துக் காட்டித்தான், ஆன்லைன் பதிவை மட்டுமே நம்பினா டிஜிட்டல் இடைவெளியால பெரிய கூட்டம் விட்டுப்போகும்னு அரசைக் கேள்வி கேட்டது. பொதுச் சேவை மையத்துக்குப் போய் பதிவு பண்ணலாமேங்கிற அரசோட பதிலை நீதிமன்றம் ஏத்துக்கலை. கோவின் அப்போ இங்கிலீஷ்ல மட்டும்தான் இருந்தது, மத்த மொழிகள் ஜூன்லதான் வந்தது. நேரடியா வர்றவங்களுக்கும் ஊசிங்கிறது படிப்படியா நடைமுறைக்கு வந்தது. கேட்டுக்கு வெளியே நின்ன அந்த ஆளுக்கும் அப்போதான் கிடைச்சிருக்கும்னு நம்புறேன்.

எனக்குப் புரிஞ்சது இவ்வளவுதான். எம்பலத்துல கம்ப்யூட்டர் ரெண்டாவது வாசலா வந்தது. இருபத்தி மூணு வருஷம் கழிச்சு, எல்லாரும் நடந்து போய்க்கிட்டிருந்த வாசலை மூடிட்டு, கம்ப்யூட்டர் வாசலை மட்டும் திறந்து வெச்சோம். ரெண்டும் டிஜிட்டல் இந்தியாதான், ஆனா ஒண்ணுக்கொண்ணு நேர் எதிர். அந்த ஒத்தை வாசல்ல முண்டியடிச்சு முதல்ல நுழைஞ்சவன் நான், நாற்பது வரி பைத்தானோட.

இப்போ ஆபீஸ்ல எந்த ஃபார்ம் டிசைன் வந்தாலும், மொபைல் நம்பர் கட்டாயம்னு இருந்தா, "போன் இல்லாதவங்க எந்தப் பக்கமா வருவாங்க?"ன்னு கேக்குறேன். "அது எட்ஜ் கேஸ்பா, அடுத்த ரிலீஸ்ல பாத்துக்கலாம்"னு சொல்றாங்க. அடுத்த ரிலீஸ் வந்துட்டுதான் இருக்கு. நானும் கேட்டுட்டுதான் இருக்கேன்.

உங்க ஊர்ல அந்தக் கால அறிவு மையம், கியாஸ்க் ஏதாவது இருந்ததா? எந்தத் தெருவுல இருந்தது, யார் யார் உள்ளே போனாங்கன்னு ஞாபகம் இருந்தா எழுதுங்க மக்களே.