முதுமை மரத்தில், காவல் கண்ணாடியில்: பழைய விஸ்கியின் வரலாறு

1908ஆம் ஆண்டு. தென்துருவத்தை அடையும் நோக்குடன் புறப்பட்ட எர்னஸ்ட் ஷாக்கில்டனின் குழு, அண்டார்டிகாவின் ராஸ் தீவில் ராய்ட்ஸ் முனையில் மரக்குடில் ஒன்றை அமைத்தது. அடுத்த ஆண்டு துருவத்தை எட்டாமலே குழு திரும்பியபோது, மெக்கின்லே விஸ்கிப் பெட்டிகள் சில குடிலின் அடியில் தங்கிவிட்டன. ஏறத்தாழ நூறாண்டுகள் பனியில் உறைந்து கிடந்த அவை 2010இல் வெளியே எடுக்கப்பட்டன. அவ்விஸ்கியைத் தயாரித்த பழைய வணிகப் பெயர் அப்போது விஜய் மல்லையாவின் குழுமத்திற்கு உரிமையாக இருந்தது. ஆகவே 2011இல் மூன்று புட்டிகள் அவருடைய தனி விமானத்தில் ஸ்காட்லாந்துக்குச் சென்றன. ஆய்வில் அதன் சாராய வலிமை 47.3 விழுக்காடு எனத் தெரியவந்தது. மணமும் சுவையும் கெடாமல் இருந்தன.

நூறாண்டுகள் கடந்த பின்னும் அந்த விஸ்கிக்கு நூறு வயது கூடிவிடவில்லை என்பதே இதில் கவனிக்கத்தக்கது. புட்டியில் அடைத்த நாளில் எவ்வாறு இருந்ததோ, பெரிதும் அவ்வாறே அது வெளிவந்தது. விஸ்கி முதிர்வது ஓக் மரப் பீப்பாயில் மட்டுமே. மரத்திலிருந்து நிறமும் மணமும் இறங்குகின்றன; மரத்தின் நுண்துளைகள் வழியே காற்று உள்ளே செல்கிறது; புதுச் சாராயத்தின் கடுமை தணிகிறது. கண்ணாடிக்குள் புகுந்ததும் இவை யாவும் நின்றுவிடுகின்றன. 1990இல் வாங்கிய பன்னிரண்டு ஆண்டு விஸ்கி இன்றும் பன்னிரண்டு ஆண்டு விஸ்கியே. அலமாரியில் அது முதிர்வதில்லை, வைத்திருப்பவரே முதிர்கிறார்.

பீப்பாயில் காலம் எவ்வாறு நடக்கிறது என்பதை இந்தியாவைப் போல் தெளிவாகக் காட்டும் நாடுகள் சிலவே. 1850களில் எட்வர்ட் டயர் மதுபான ஆலை அமைக்க இமயமலைச் சாரலில் உள்ள கசௌலியைத் தேர்ந்தது குளிர்ந்த காற்றையும் ஊற்றுநீரையும் கருதியே. சமவெளியின் வெப்பத்தில் சாராயம் விரைந்து ஆவியாகும். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 விழுக்காடு காற்றோடு கலந்துவிடுகிறது. அதனைத் தேவதைகளின் பங்கு என்பர். பெங்களூரில் அப்பங்கு 10 முதல் 12 விழுக்காடு வரை செல்கிறது. ஆண்டுக்குப் பத்து விழுக்காடு எனக் கொண்டாலும், ஏழு ஆண்டுகளில் பீப்பாயில் பாதிக்கும் குறைவாகவே எஞ்சும். அதே வெப்பம் மரத்தின் சாரத்தையும் விரைந்து இறக்கிவிடுவதால், நான்கைந்து ஆண்டுகளிலேயே இங்கு விஸ்கி முதிர்ச்சி பெற்றுவிடுகிறது. 1948இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட அம்ருத் நிறுவனம், தன் சிங்கிள் மால்ட் விஸ்கியை 2004இல் கிளாஸ்கோ நகரிலேயே முதன்முதலில் அறிமுகம் செய்து இதனை மெய்ப்பித்தது. மிகப் பழைய இந்திய விஸ்கிகள் அரிதாக இருப்பதற்குக் காரணம் திறமைக் குறைவன்று, வெயிலே.

பீப்பாயை விட்டுப் புட்டிக்கு வந்த பின் எஞ்சும் பலவீனம் மூடி ஒன்றே. நெடுங்காலம் விஸ்கிப் புட்டிகள் வைன் புட்டிகளைப் போலவே முழுத் தக்கையால் அடைக்கப்பட்டன. திறக்கத் திருகாணி வேண்டும். திறந்தபின் மீண்டும் இறுக அடைப்பதும் கடினம். 1913இல் டீச்சர்ஸ் நிறுவனம் கையாலேயே திறந்து மூடத்தக்க, தலைப்பாகம் கொண்ட தக்கையைக் கொண்டுவந்தது. 1926இல் ஒயிட் ஹார்ஸ் நிறுவனம் உலோகத் திருகு மூடியை அறிமுகப்படுத்தியது. ஆறு மாதங்களில் அதன் விற்பனை இரட்டிப்பானது. ஒரே அமர்வில் தீர்க்க வேண்டியிராத பானமாக, வீட்டில் வைத்துச் சிறிது சிறிதாக அருந்தும் பானமாக விஸ்கி மாறியதில் இவ்விரு மூடிகளுக்கும் பங்குண்டு.

வீட்டில் பழைய புட்டியைக் காக்கும் முறைகள் யாவும் இவ்வரலாற்றிலிருந்தே பிறக்கின்றன. வைனைப் படுக்கவைப்பர், விஸ்கியை நிமிர்த்தியே வைக்க வேண்டும். வலிமையான சாராயம் ஓயாது தக்கையில் படிந்திருந்தால் தக்கை அரித்துப்போகும். வெயிலும் விளக்கொளியும் நிறத்தையும் மணத்தையும் குலைக்கும். ஆகவே காட்சிக்கு வைக்கும் கண்ணாடிப் பேழையைவிட இருண்ட மர அலமாரியே நல்லது. கோடையில் சூடேறும் மேல்மாடி அறை ஆகாது. திறவாத புட்டியிலும் விஸ்கியின் மட்டம் ஆண்டுதோறும் இறங்கினால், மூடி தளர்ந்துவிட்டது என்று பொருள்.

திறந்த பின் பகை காற்றே. முக்கால் பங்கு நிறைந்த புட்டி பல மாதங்கள் தாங்கும். கால் பங்கே எஞ்சிய புட்டி விரைவில் சுவை மங்கும். எஞ்சியதைச் சிறிய புட்டிக்கு மாற்றி விளிம்புவரை நிரப்பி மூடுவது எளிய வழி. அழகிய படிகக் குடுவையில் ஊற்றி வைப்பது பழைய சீமான்களின் வழக்கம். ஆனால் அப்படிகத்தில் ஈயம் கலந்திருக்கும். அத்தகைய குடுவைகளில் வைத்த மதுவில் ஈயம் இறங்குவதை 1991இல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர்; நெடுங்காலம் வைத்திருந்த பிராந்தியில் அதன் அளவு மிக அதிகமாக இருந்தது. ஆகவே குடுவை ஒரு மாலைப்பொழுதுக்கு உரியது; சேமிப்புக்கு உரியதன்று.

ஷாக்கில்டனின் மூன்று புட்டிகளும் ஆய்வு முடிந்து 2013இல் அண்டார்டிகாவுக்கே திரும்பின. அவை வரலாற்றுச் சின்னங்கள். அவற்றின் இடம் அக்குடிலே. இல்லங்களில் தந்தையோ பாட்டனோ ஒரு நல்ல நாளுக்கென எடுத்துவைத்து, அந்நாள் வருமுன்னே மறைந்துபோன புட்டிகளின் நிலை வேறு. காத்திருப்பதால் அவற்றின் சுவை ஏறப்போவதில்லை. தக்கை மட்டுமே நலியும். வைத்தவரை நினைவில் கொண்டோர் நால்வர் கூடும் மாலையில், சிறிதளவு ஊற்றி, இரண்டொரு துளி நீர் சேர்த்து, மணம் விரியும்வரை பொறுத்து அருந்துவதே அப்புட்டிக்குச் செய்யும் மரியாதை.