கின்னபுரூக்கின் விநாடி

1796ஆம் வருஷத் தொடக்கத்தில் கிரீன்விச் வானாய்வுக் கூடத்தில் டேவிட் கின்னபுரூக் என்ற உதவியாளர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். நட்சத்திரம் தொலைநோக்கியின் கம்பியைக் கடக்கும் கணத்தை, கூடத்தின் தலைவர் நெவில் மாஸ்கலினைவிட 0.8 விநாடி தாமதமாகக் குறித்தார் என்பது குற்றம். திருட்டோ சோம்பலோ அல்ல. மற்ற வேலைகளில் உழைப்பாளி, பயனுள்ளவர் என்று மாஸ்கலினே அச்சில் எழுதிவைத்திருக்கிறார். எட்வின் போரிங் 1929இல் எழுதிய மனோதத்துவ வரலாற்றுக்குப் பிறகு இந்தச் சம்பவம் அத்துறையின் ஸ்தல புராணம் போல ஆகிவிட்டது. புராணங்களில் வழக்கமாக நழுவிப்போகிற சில விஷயங்கள் இதிலும் நழுவியிருக்கின்றன.

0.8 விநாடி அற்பமானதல்ல. அதற்குள் பூமத்தியரேகையில் பூமி சுமார் 370 மீட்டர் சுழன்றுவிடுகிறது. 1767ஆம் வருஷத்துக்கான பதிப்பு முதல் மாஸ்கலின் வெளியிட்டுவந்த கடற்பயணப் பஞ்சாங்கத்தை நம்பித்தான் மாலுமிகள் நடுக்கடலில் தங்கள் தீர்க்கரேகையைக் கணக்கிட்டார்கள். அவருடைய கவலை நியாயமானது. அந்தக் கவலை எந்த முடிவுக்குப் போனது என்பதே கேள்வி.

பார்வையாளன் முதலில் கடிகாரத்தைப் பார்த்து விநாடியை மனத்தில் வாங்கிக்கொள்வான். பிறகு கண் தொலைநோக்கியில், காது கடிகாரத் துடிப்பில். ஒரு துடிப்பின்போது நட்சத்திரம் கம்பிக்கு இப்பால், அடுத்த துடிப்பின்போது அப்பால். இரண்டு இடங்களையும் நினைவில் நிறுத்தி, கம்பியைத் தொட்ட கணத்தைப் பத்தில் ஒரு பங்கு விநாடிவரை ஊகிக்கவேண்டும். ஜேம்ஸ் பிராட்லி நிலைப்படுத்திய முறை இது. இதை ‘பார்ப்பது’ என்று சொல்கிறோம். உண்மையில் இதில் கேட்டல் இருக்கிறது, ஞாபகம் இருக்கிறது, ஊகம் இருக்கிறது. கண்ணுக்குக் கிடைப்பது கொஞ்சம்தான்.

1795 ஆகஸ்டில் வித்தியாசம் அரை விநாடி. கின்னபுரூக்கிடம் எடுத்துச் சொல்லப்பட்டது. அதற்குப் பிறகு அது குறையவில்லை, வளர்ந்தது. ஒழுங்கற்ற ஏதோ ஒரு சொந்த முறைக்கு அவர் போய்விட்டார் என்பது மாஸ்கலினின் முடிவு. கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள நட்சத்திரம்தான் சாட்சி. நட்சத்திரம் எப்போது கடந்தது என்று சொல்ல மனிதனின் கண்ணும் காதும்தான் சாட்சி. இந்த வட்டத்துக்கு வெளியே நின்று தீர்ப்புச் சொல்ல அன்று எந்தக் கருவியும் இல்லை. இருந்தது இரண்டு மனிதர்களுக்கிடையே ஒரு வித்தியாசம் மட்டுமே. அதில் ஒருவர் கூடத்தின் தலைவர் என்பதால் வித்தியாசம் மற்றவருடைய பிழையாயிற்று.

இரண்டு பத்தாண்டுகள் கழித்து கோனிக்ஸ்பர்க்கில் பிரீட்ரிஷ் பெஸல் இந்தக் குறிப்பை வேறுவிதமாகப் படித்தார். வேலை போகும் என்ற பயத்தில் திருத்திக்கொள்ள முயன்ற ஒருவனால் முடியவில்லை என்றால், அது அவனுடைய இச்சைக்கு உட்பட்டதல்ல. 1820இல் வால்பெக் என்ற வானியலாளருடன் தம்மை ஒப்பிட்டார் பெஸல். ஒரு விநாடிக்கும் மேல் வித்தியாசம். 1823இல் ஆர்கலாண்டருடனும் அப்படியே. கின்னபுரூக்கின் குற்றத்தைவிடப் பெரிய குற்றம். ஆனால் இங்கே யாரும் நீக்கப்படவில்லை. இதைவிட முக்கியமானது ஒன்று: அரை விநாடிக்கொரு முறை துடிக்கும் கடிகாரத்தை வைத்தபோது பெஸலின் பதிவே ஏறத்தாழ அரை விநாடி நகர்ந்துவிட்டது. ஆளுக்கு ஆள் மட்டுமல்ல, ஒரே ஆளுக்குள்ளும் கணம் இடம் மாறுகிறது. அறியக்கூடியது உறவு மட்டுமே என்றாயிற்று.

1860களில் வில்ஹெல்ம் வுண்ட் ஊசலையும் மணியையும் வைத்துச் செய்த சோதனைகள் கவனம் என்ற விஷயத்தைத் தொட்டன. ஒளியும் ஒலியும் ஒன்றாக வந்தாலும் மனம் அவற்றை ஒன்றாக வாங்குவதில்லை. எதை எதிர்பார்த்து நிற்கிறோமோ அது முந்திக்கொள்கிறது. 1879இல் லைப்சிக்கில் அவர் நிறுவிய ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் இந்த ஒரு விநாடித் தகராறு நிற்கிறது. வானியலாளர்களோ தத்துவத்துக்குக் காத்திருக்கவில்லை. ஒவ்வொரு பார்வையாளருக்கும் ஒரு எண்ணை ஒட்டி அட்டவணையில் கழித்துக்கொண்டார்கள். பிறகு மின்சாரத்தையும் கருவிகளையும் கொண்டு மனிதனின் பங்கைச் சுருக்கினார்கள். பிழை ஒழுக்கப் பிரச்னையாக இருந்தது போய்க் கணக்குப் பிரச்னையாயிற்று. நிர்வாகம் காட்டிய கருணை அது. கருணை என்றாலும் மாஸ்கலினின் தீர்ப்பைவிட மேல்.

எல்லாம் மனம்தான், நினைப்பே உலகம் என்று முடித்துவிட இந்தக் கதை இடம் கொடுப்பதில்லை. நட்சத்திரம் கம்பியைக் கடந்தது. அதில் மாஸ்கலினுக்கும் கின்னபுரூக்குக்கும் சந்தேகமில்லை. கடக்காத நட்சத்திரத்தைப் பற்றி வித்தியாசப்பட முடியாது. அந்தக் கணம் யாருக்கும் சுத்தமாகக் கிடைப்பதில்லை என்பதுதான் விஷயம்.

விமர்சனத்தில் நாம் இன்னும் பெஸலுக்கு வந்து சேரவில்லை. தேர்ந்த ரசனை என்பவர்களும் சமூக விஞ்ஞானம் என்பவர்களும் தங்கள் துடிப்பையே கடிகாரம் என்று நம்புகிறார்கள். ஒரு கவிதையைத் தாமதமாகப் பெற்றுக்கொள்பவன் தப்பாகப் பெற்றுக்கொள்கிறான் என்று தள்ளிவிடுவது சுலபம். எல்லா ரசனையும் ஒன்றே என்று ஒதுங்கிக்கொள்வதும் அதே அளவு சுலபம். கஷ்டமானது மூன்றாவது: ஒரே கவிதையை இரண்டு பேர் திரும்பத் திரும்ப வாசித்து, வித்தியாசம் எங்கே தொடங்குகிறது என்று குறித்துவைப்பது. அதற்குத் தன்னுடைய பதிவும் நகரக்கூடியது என்று ஒப்புக்கொள்ளவேண்டும்.

கின்னபுரூக் 1802இல் இறந்தார். பெஸலின் ஒப்பீடுகள் தொடங்க அப்போது இன்னும் 18 வருஷங்கள் இருந்தன.